வாசிப்பும் எழுத்தும் துணை சேர்க்குமா? ஒரு கேள்வியும் தொடர்ந்த குறிப்புகளும்

கேள்வி, 2 ஆகஸ்ட் 2025

பணி மாறுதலில் ஓசூருக்கு வந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. வாசிக்கிறவனுக்குத் தனிமையே இல்லை என்று எல்லாரும் எழுதுகிறார்கள். என் அனுபவம் நேர்மாறாக இருக்கிறது. படிக்கப் படிக்க, படித்ததைப் பேச ஆளில்லை என்பதுதான் உறைக்கிறது. வீட்டில் யாருக்கும் இதில் நாட்டமில்லை. அவ்வப்போது எழுதியும் வைக்கிறேன். அதை ஒருவரும் பார்த்ததில்லை. எழுத்தாலும் வாசிப்பாலும் உண்மையிலேயே ஒரு கூட்டம் துணையாக அமைந்ததற்கு நம்பத்தகுந்த எடுத்துக்காட்டு இருந்தால் சொல்லுங்கள். உபதேசம் வேண்டாம்.

3 ஆகஸ்ட் 2025

நீங்கள் சொல்வதில் பாதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். புத்தகம் படிப்பதனால் மட்டும் எவரும் நம் வீடு தேடி வந்துவிடப் போவதில்லை. நாம் எழுதியதையோ, படித்துவிட்டுச் சொன்னதையோ இன்னொருவர் காதில் வாங்கி அதற்குப் பதில் சொல்லும்போதுதான் துணை என்பது தொடங்குகிறது என்பது என் கட்சி.

இதற்குத் தமிழில் எனக்குத் தெரிந்த நல்ல சான்று இடைசெவல். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள அந்தச் சிற்றூரில் எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் ஒன்றாக வளர்ந்தார்கள். விளாத்திகுளம் சுவாமிகளின் இசையில் ஒன்றாகத் தோய்ந்தார்கள். அழகிரிசாமி பத்திரிகை வேலைக்காகச் சென்னைக்குப் போய்விட, ராஜநாராயணன் ஊரிலேயே விவசாயத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். அதன்பின் நட்பைத் தாங்கியது தபால்தான். அழகிரிசாமி எழுதிய கடிதங்களை ராஜநாராயணன் பத்திரப்படுத்தி வைத்திருந்ததால் அவை பின்னாளில் நூலாகவே வெளிவந்தன. பள்ளிப் படிப்பை இடையில் விட்ட ஒரு விவசாயி, முப்பது வயதைத் தாண்டியபின் கதை எழுதத் தொடங்கி, 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெறும் வரை வந்ததற்கு எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். படித்ததைச் சொல்லவும் எழுதியதைக் காட்டவும் அவருக்கு ஒரு முகவரி இருந்தது என்பதை அவற்றுள் ஒன்றாக நான் வைப்பேன்.

4 ஆகஸ்ட் 2025

"அழகிரிசாமியைப் போல ஒருவர் பால்ய சிநேகிதராக அமைவது லாட்டரி அல்லவா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்மைதான், தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003 முதலே தடை வேறு இருக்கிறது. அதனால்தான் நம்மைப் போன்ற மற்றவர்களுக்கு ஏதாவது ஓர் ஏற்பாடு தேவைப்படுகிறது. குறித்த நேரம், குறித்த இடம், கதவைத் திறந்து வைக்க ஓர் ஆள். இந்த மூன்றும் இருந்துவிட்டால் பால்ய சிநேகிதர் இல்லாமலும் சமாளித்துவிடலாம்.

9 ஆகஸ்ட் 2025

என் கதையைக் கேட்கிறார்கள். சொல்கிறேன்.

சார்நிலைக் கருவூலத்தில் கணக்கர் வேலை எனக்கு. சில ஆண்டுகளுக்கு முன்பு தருமபுரிப் பக்கம் ஒரு பேரூராட்சிக்கு மாற்றினார்கள். தென்காசிப் பேச்சோடு அங்கே போய் இறங்கினால் காய்கறிக் கடையில்கூட நான் கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று. மாலை ஐந்தே முக்காலுக்கு அலுவலகம் முடியும். அதற்குமேல் பேச ஆள் கிடையாது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கிளை நூலகம் இருந்தது. தமிழ்நாட்டில் வீட்டு வரியோடு சேர்த்து ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாக வாங்குகிறார்கள் என்பதும், இந்த ஏற்பாட்டின் வேர் எஸ். ஆர். ரங்கநாதன் பாடுபட்டுக் கொண்டுவந்த 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தில் இருக்கிறது என்பதும் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் உரிமையோடு உள்ளே நுழைந்திருப்பேன். உள்ளே செய்தித்தாளுக்குச் சண்டை போடும் நாலைந்து பெரியவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், சுவரில் "வாசகர் வட்டம்" என்று ஒரு பலகை. அந்தப் பலகைக்குக் கீழே யாரும் கூடியதற்கான தடயமே இல்லை. கேட்டபோது நூலகர், "வட்டம் இருக்கிறது, ஆட்கள்தாம் இல்லை" என்றார்.

பிறகு ஆட்கள் சேர்ந்தார்கள். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர்; கடைவீதியில் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா; தேர்வுக்குப் படிக்க வந்து கதைப் புத்தகத்தில் விழுந்துவிட்ட இரண்டு இளைஞர்கள்; நூலகர்; நான். மாதம் இரண்டு முறை கூடுவதென்று முடிவாயிற்று. முதலில் படித்த கதைகளைப் பற்றிப் பேசினோம். ஒருநாள் துணிந்து நான் எழுதிய கதையின் நகல்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் இளைஞர்கள் இருவரும் "சூப்பர் அக்கா" என்றார்கள். லைன்மேன் ஐயா ஒன்றும் சொல்லாமல் என் நகலைத் திருப்பிக் கொடுத்தார். கதையில் ஒரு பெண் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது கணவன் கதவைத் தட்டுவதாகவும், அவள் போய்த் திறப்பதாகவும் எழுதியிருந்தேன். அந்த இடத்தின் ஓரத்தில் கூரான பென்சிலால், மின்கம்ப எண் எழுதுகிறவரின் கட்டை எழுத்தில், "பானையை வடிதட்டோடு சாய்த்தாயிற்று. இப்போது கையை எடுத்தால் சோறு தரையில். கதவைத் திறந்தது யார்?" என்று இருந்தது. மனைவி இறந்தபின் தாமே சமைத்துச் சாப்பிடுகிறவர் அவர். அந்த ஊருக்குப் போன பிறகு, நான் சொன்ன ஒன்றை ஒருவர் அவ்வளவு கவனமாக வாங்கிக்கொண்டது அதுதான் முதல் தடவை. இளைஞர்களின் "சூப்பர்" அன்று இரவே கரைந்துவிட்டது. பென்சில் எழுத்து இன்றும் என்னிடம் இருக்கிறது.

10 ஆகஸ்ட் 2025

ஒரு மறுப்பு வந்திருக்கிறது, நியாயமான மறுப்பு. பதில் கிடைக்காவிட்டாலும் எழுதுவதே நன்மை செய்கிறது என்று உளவியல் சொல்கிறதே என்கிறார்.

சொல்கிறதுதான். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை உலுக்கிய நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதினார்கள். நிகழ்ந்ததையும் அதைப்பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், சாதாரணப் பொருள் பற்றி எழுதியவர்களைவிடப் பின்வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குக் குறைவாகவே போனார்கள். அந்தத் தாள்களுக்கு யாரும் பதில் எழுதவில்லை. அதன்பின் உலகெங்கும் இதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்ததில், பலன் உண்டு, ஆனால் சிறியது, ஆளுக்கு ஆள் மாறுவது என்று தெரிந்தது. ஆகவே ஒருவரிடமும் காட்டாமல் எழுதுவது வீண் என்று நான் சொல்ல மாட்டேன். மனத்தின் பாரம் அதில் ஓரளவு இறங்கும். ஆனால் கேள்வி துணையைப் பற்றியது. பாரம் இறங்கிய பிறகும் அந்த அறையில் நாம் மட்டும்தான் இருப்போம்.

17 ஆகஸ்ட் 2025

பதில் சொல்வதை ஓர் ஏற்பாடாகவே ஆக்கிக் காட்டியவர்கள் மலேயாத் தமிழர்கள். தமிழ்நாட்டில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பதால் சற்று விரித்து எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகளே ஆன காலம். ரப்பர்த் தோட்டங்களில் சிதறிக் கிடந்த தமிழர்களுக்குள் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. எழுத நினைத்தவர்கள் அதனினும் குறைவு. அப்படி நினைத்தவருக்கும் பக்கத்துத் தோட்டத்தில் இன்னொருவர் அதையே நினைக்கிறார் என்பது தெரிய வழியில்லை. 1950இல் கோலாலம்பூரின் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். கதை எழுதுவது எப்படி என்று பத்திரிகையிலேயே பாடம் வரும். வாசகர்கள் எழுதி அனுப்புவார்கள். அவை படித்து மதிப்பிடப்படும். மலேசியச் சிறுகதையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் யாரும் அந்த வகுப்பைத் தாண்டிப் போக முடியாது; அடுத்த தலைமுறை எழுத்தாளர் பலர் அங்கிருந்து வந்தவர்கள். பின்னர், மேலே சொன்ன அதே கு. அழகிரிசாமி தமிழ் நேசனில் பணியாற்றக் கடல் கடந்து போனார். அங்கே எழுத வந்த இளைஞர்களைக் கூட்டி வைத்து இலக்கிய வட்டம் நடத்தினார். இடைசெவலில் நண்பருக்குச் செய்ததை அவர் கோலாலம்பூரில் ஒரு கூட்டத்துக்குச் செய்தார் என்று எடுத்துக்கொள்ள எனக்கு விருப்பம்.

சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி நடத்திய தமிழ் முரசு நாளிதழ் இன்னொரு வழியில் போயிற்று. மாணவர்கள் எழுதுவதற்கென்றே 1950களில் மாணவர் மணிமன்ற மலர் என்ற பகுதியை அவர் ஒதுக்கிக் கொடுத்தார். அதில் பெயர் வந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்து, ஊர் ஊராக மணிமன்றங்கள் அமைத்துவிட்டார்கள். அச்சில் ஒரு மூலையாகத் தொடங்கியது நாற்காலி போட்டுக் கூடும் மன்றமாயிற்று. அதன் வழிவந்த இளைஞர் மணிமன்றங்கள் மலேசியாவில் பின்னரும் நீடித்தன. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை வரவிருந்தபோது, தமிழ் எங்கள் உயிர் என்ற பெயரில் சாரங்கபாணி நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி, அதாவது அந்நாட்டு டாலர், என்று கேட்டதற்குத் தோட்டத் தொழிலாளர்களும் கொடுத்தார்கள். அவர்கள் யாரும் அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலை மிதிக்கப் போகிறவர்கள் இல்லை. தன் பெயரும் தன் ஊர்ப் பெயரும் அச்சாகும் ஒரு தாளை வாங்கிப் படித்துப் பழகியவர்கள் என்பதால்தான் அந்த வெள்ளி வந்தது என்று நான் நினைக்கிறேன்.

18 ஆகஸ்ட் 2025

தமிழ் நேசன் இப்போதும் வருகிறதா என்று கேட்டவருக்கு: இல்லை. 1924இல் தொடங்கியது, 2019 ஜனவரியோடு நின்றுவிட்டது. தமிழ் முரசு வருகிறது.

24 ஆகஸ்ட் 2025

"எழுத்தாளர்கள் கூடினால் அடிதடிதான் நடக்கும், இதில் எங்கே துணை?" என்று கிண்டல் வந்திருக்கிறது. சிரித்துவிட்டுத் தள்ள முடியாத கிண்டல்.

எழுத்தாளர் சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் எழுத்து என்ற இலக்கியச் சிற்றிதழைத் தொடங்கினார். 1970 வரை 119 இதழ்கள் வந்தன. பெருங்கூட்டத்துக்கு விற்பது அவர் நோக்கமே இல்லை. 2000 படிகளுக்குமேல் அச்சிடப்போவதில்லை என்று அறிவித்துவிட்டு வேலையைத் தொடங்கிய மனிதர் அவர். அந்தச் சிறிய தாள் இலங்கையின் திருகோணமலை வரை போயிற்று. அங்கே இருபதைத் தாண்டியிராத ஓர் இளைஞர், சுற்றிலும் தம் கவிதையை மதிப்பிடக்கூடியவர் எவருமின்றி, எழுத்து வந்துகொண்டிருந்த சென்னைத் திருவல்லிக்கேணிக்குத் தபாலில் எழுதி அனுப்பினார். 1960 முதல் தருமு சிவராமு என்ற பெயரில் அவை எழுத்தில் வந்தன. அவர்தாம் பிறகு பிரமிள் ஆனார். 1962இல் செல்லப்பா புதுக்குரல்கள் என்ற புதுக்கவிதைத் தொகுப்பைக் கொண்டுவந்தபோது அதில் 24 கவிஞர்கள் இருந்தார்கள். யாப்பை மீறுகிறார்கள் என்று பண்டிதர்கள் ஒருபுறம் பொரிந்துகொண்டிருந்த நேரத்தில், தங்களைப் போல இன்னும் இருபத்து மூன்று பேர் இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்தது சிறிய தைரியம் இல்லை.

அதே கூட்டத்தினர் பின்னாளில் எப்படியெல்லாம் பிரிந்தார்கள், ஒருவரையொருவர் எவ்வளவு காட்டமாக எழுதிக்கொண்டார்கள் என்பது சிற்றிதழ் வாசகர்களுக்குத் தெரியும். பிரமிளின் சண்டைகளை மட்டும் தொகுத்தாலே தலையணை அளவு வரும். இதைப் பற்றி எனக்கு இரண்டு மனம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் வரி விடாமல் படிக்காமல் அப்படிச் சண்டை போட முடியாது; அலட்சியத்தைவிட அது மேல். ஆனால் ஓசூரில் தனியாக இருக்கிற ஒருவருக்கு அந்தச் சூட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் குறிப்பில் பதில் வேண்டும் என்று மொட்டையாகச் சொன்னேன். இப்போது அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பதில் தாளைப் பற்றியதாக இருக்க வேண்டும். லைன்மேன் ஐயா சோற்றுப் பானையைப் பற்றிக் கேட்டார். எனக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை.

25 ஆகஸ்ட் 2025

எழுதாமல் வாசிக்க மட்டும் செய்கிறவர்களுக்கு வட்டத்தில் இடமுண்டா என்று கேட்கிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் வட்டமே இல்லை. 1970இல் சென்னையில் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பு செய்ததைப் பாருங்கள்: அந்தந்த மாதம் இதழ்களில் வந்த சிறுகதைகளைப் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைப்பார்கள், அவர் ஏன் அதைத் தேர்ந்தார் என்று மாதக் கூட்டத்தில் சொல்வார். எழுதியவருக்கு, எங்கோ ஒருவர் தன் கதையை மற்றக் கதைகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தூக்கி வைத்தார் என்ற செய்தி போகும். இதில் வாசகர்தான் மேடையில் இருக்கிறார். எங்கள் ஊரில் இதைச் சின்ன அளவில் காப்பியடித்தோம். முறை வைத்து ஒருவர் படித்து வந்து சொல்ல வேண்டும். தையல்கார அக்கா தன் முறை வந்தபோது, கதையில் வரும் கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்கு எழுத்தாளர் சொல்கிற துணி அளவு போதாது என்று தொடங்கி, அந்த எழுத்தாளருக்குப் பெண்களையே தெரியாது என்று முடித்தார். எனக்கு அந்தத் தீர்ப்பில் முழு உடன்பாடு.

31 ஆகஸ்ட் 2025

எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களையும் உள்ளே கொண்டுவந்த இடங்கள் என்று பார்த்தால், தமிழ்நாட்டில் முடிதிருத்தும் கடைக்கும் தேநீர்க் கடைக்கும் பெரிய பங்கு உண்டு. திராவிட இயக்கம் வளர்ந்த காலத்தில் படிப்பகங்களிலும் சலூன்களிலும் ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டு விவாதிப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அங்கே வாசகர்தான். இங்கிலாந்தில் லிவர்பூல் பக்கம் தி ரீடர் என்ற அமைப்பு, கூடியிருப்பவர்களுக்குக் கதையையும் கவிதையையும் அங்கேயே உரக்கப் படித்து, இடையில் நிறுத்திப் பேசுகிறது. முன்கூட்டிப் படித்துவர வேண்டியதில்லை. கேட்டவுடன் நமக்கு நம் திண்ணைப் பாரத வாசிப்புதான் நினைவுக்கு வரும்.

யாழ்ப்பாணத்து டொமினிக் ஜீவாவைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. முடிதிருத்தும் தொழில் செய்த அவர், சாதியின் பெயரால் பள்ளியில் பட்ட அவமானத்தை வெளிப்படையாகப் பேசியவர். 1966இல் அவர் மல்லிகை இதழைத் தொடங்கினார். தம் சலூனிலேயே எழுத்தாளர்களைச் சந்தித்தார். இதழைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து விற்றார். போர்க்காலத்தின் இடர்களுக்கு நடுவிலும் நானூறு இதழ்களுக்குமேல் அது வந்தது. தண்ணீர் மொண்டு குடிக்கக்கூட எல்லாரையும் ஒரே கிணற்றில் அனுமதிக்காத ஓர் ஊரில், யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து இலக்கியம் பேசக்கூடிய இடமாக ஒரு சலூன் இருந்தது என்பதை நான் எளிதில் கடந்து போக மாட்டேன். துணை தேடுகிறவர்களிடம் "இலக்கியக் கூட்டத்துக்குப் போங்கள்" என்று சொல்கிறோம். அந்தக் கூட்டத்தின் வாசலில் யாரெல்லாம் தயங்கி நிற்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

7 செப்டம்பர் 2025

வாசல் என்று எழுதியதும் பெண்களைப் பற்றிக் கேள்விகள் வந்துவிட்டன. வரத்தான் வேண்டும்.

புதுக்கோட்டையில் 1991இல் தொடங்கிய அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தை நேரில் பார்த்தவர்கள் இங்கே இருக்கக்கூடும். என் சித்தி ஒருவர் அங்கே தொண்டராக இருந்தார். பகலெல்லாம் கல்லுடைத்துவிட்டும் களையெடுத்துவிட்டும் வந்த பெண்கள் இரவு விளக்கொளியில் எழுத்துக்கூட்டினார்கள். அந்த இயக்கம் மிதிவண்டி ஓட்டக் கற்பதையும் பாடத்தில் சேர்த்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றார்கள். கல்லுடைக்கும் பெண்களின் குழுக்களுக்குக் குவாரிகள் குத்தகைக்குக் கிடைத்தன. சித்தி சொல்வார்: அகர வரிசையைவிட, தினமும் ராத்திரி ஒன்றாக உட்கார ஒரு காரணம் கிடைத்ததுதான் அவர்களுக்குப் பெரிது, "எங்கே போகிறாய்?" என்று வீட்டில் கேட்டால் "படிக்க" என்று சொல்லிவிட்டு வெளியே வரலாம், அந்த ஒரு சொல்லுக்கு மாமியாரும் மறுப்புச் சொல்ல முடியாது.

இதை இவ்வளவு நெருக்கமாகக் கேட்டு வளர்ந்ததால், வாசிப்பினால் கிடைக்கும் துணை என்பது உணர்ச்சி அளவிலேயே நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு ஏற்க முடிவதில்லை. சேர்ந்து எழுத்துக்கூட்டியவர்கள் சேர்ந்து மனுவும் எழுதுவார்கள்.

14 செப்டம்பர் 2025

"உங்கள் வட்டம் கதையைத் தவிர வேறு எதற்காவது உதவியதா?"

உதவியது. அதோடு சேர்த்து, எங்கே உதவி சறுக்கியது என்பதையும் எழுதுகிறேன். அதுதான் எனக்கு அதிகம் கற்றுத்தந்தது.

தையல்கார அக்காவின் கணவருக்குச் சிறுநீரகக் கோளாறு என்று தெரிந்து, தருமபுரியில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். இளைஞர்கள் இருவரும் இரவில் மாறி மாறித் துணைக்குப் படுத்தார்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுக்கான தாள்களைச் சேகரிப்பதில் நூலகர் அலைந்தார். வருமானச் சான்று விண்ணப்பத்தை நான் நிரப்பினேன். தைக்கக் கொடுத்த துணிகளைத் திருப்பிக் கேட்டு வந்தவர்களிடம் லைன்மேன் ஐயா கடை வாசலில் உட்கார்ந்து சமாதானம் சொன்னார். உறவினர்கள் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே இவையெல்லாம் நடந்தன. கணவர் தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் அக்கா அதன்பின் கூட்டத்துக்கு வரவில்லை. நன்றி சொல்லக் கூச்சப்படுகிறார் என்று நாங்களாக ஒரு காரணம் கற்பித்துக்கொண்டோம்.

பல மாதம் கழித்துக் கடையில் பார்த்தபோது அவரே சொன்னார். "உங்களில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி அவருக்கு எப்படி இருக்கிறது என்பதுதான். ஊரே அதைத்தான் கேட்கிறது. அந்த ஓர் அறைக்குள் மட்டும்தான் நான் நோயாளியின் பெண்டாட்டி இல்லாமல் இருந்தேன். இப்போது அங்கேயும் அதுதான் என்றால் எதற்கு வருவது?" எனக்குப் பதில் வரவில்லை. நூலகரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல், அடுத்த கூட்டத்துக்கான கதையின் நகலை எடுத்துக்கொண்டு போய், அளவெடுத்துக்கொண்டிருந்த அக்காவின் மேசையில் வைத்து, "இந்தத் தடவை உங்கள் முறை, மூன்று பேர் தள்ளிப் போட்டாயிற்று" என்று கொஞ்சம் கடுகடுப்பாகவே சொல்லிவிட்டு வந்தார். அக்கா வந்தார். அன்றைக்குக் கணவரைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. கதையைக் கிழிகிழியென்று கிழித்தார்.

துன்பத்தில் இருக்கிறவரிடம் துன்பத்தை விசாரிக்க ஆயிரம் பேர் இருப்பார்கள். அவர் படித்ததைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்க ஆளிருக்காது. வாசகர் வட்டம் மற்ற உறவுகளிலிருந்து வேறுபட்டு ஏதாவது தருகிறதென்றால் இதைத்தான் தருகிறது என்று அன்று முதல் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

15 செப்டம்பர் 2025

அப்படியானால் வட்டத்தில் நலம் விசாரிக்கவே கூடாதா என்று கேட்டவருக்கு: இல்லை, "நலமா" என்றுகூடக் கேட்கக் கூடாது என்று சட்டம் போடச் சொல்லவில்லை. தேநீர் வரும்போது கேளுங்கள்.

21 செப்டம்பர் 2025

முதலில் கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார்: ஓசூரில் இரண்டு நண்பர்களும் பக்கத்து வீட்டு ஆசிரியை ஒருவரும் சம்மதித்திருக்கிறார்களாம், எப்படித் தொடங்குவது, எத்தனை மணிக்கு வைப்பது என்கிறார்.

முதல் கூட்டத்துக்கு நாவல் வேண்டாம். யாரும் முடித்திருக்க மாட்டார்கள். ஒரு சிறுகதை, பத்துப் பக்கத்துக்குள், எல்லாருக்கும் நகல். அங்கேயே ஒருவர் உரக்கப் படிக்கட்டும். படிக்காமல் வந்தவரும் அப்போது பேச முடியும். சொந்த எழுத்தை உடனே எடுத்து வைக்க வேண்டாம். மற்றவர் கதையைப் பற்றி அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று இரண்டு மூன்று கூட்டம் கவனித்துவிட்டு, யாரிடம் கொடுக்கலாம் என்று முடிவு செய்யுங்கள். பாராட்டுக்குக் குறிப்பிட்ட ஒரு வரியைச் சுட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டால் "சூப்பர்" தானாகக் குறையும். வாடகை இல்லாத இடம் வேண்டுமென்றால் கிளை நூலகத்தில் கேளுங்கள். சுவரில் பலகை ஏற்கெனவே மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

நேரத்தை அந்த ஆசிரியையிடம் கேட்டு வையுங்கள். நாங்கள் முதலில் மாலை ஆறரைக்கு வைத்திருந்தோம். இரண்டு பெண்களைத் தவிர வேறு பெண் எவரும் வரவில்லை. இலக்கியத்தில் பெண்களுக்கு ஆர்வமில்லை என்று ஓர் இளைஞர் ஆராய்ச்சி முடிவை அறிவித்தார். அடுப்பு வேலை நேரம் அது என்று தையல்கார அக்கா அவருக்கு விளக்கினார். ஞாயிறு பிற்பகல் மூன்றுக்கு மாற்றியதும் சத்துணவு அமைப்பாளர் ஒருவரும், இரண்டு செவிலியர்களும், ஒரு கல்லூரி மாணவியும் அவருடைய அம்மாவும் வந்து சேர்ந்தார்கள். லைன்மேன் ஐயாவுக்கு மட்டும் இன்னும் குறை; அவர் தூங்கும் நேரமாம் அது. போன கூட்டத்தில் கதை பாதி போய்க்கொண்டிருக்கும்போதே கண் அயர்ந்தவர், விவாதம் தொடங்கியதும் விழித்துக்கொண்டு, ரயில் வரும் நேரம் மூன்றாம் பக்கத்திலும் ஏழாம் பக்கத்திலும் ஒத்துப்போகவில்லை என்றார். சரிபார்த்தோம். ஒத்துப்போகவில்லைதான்.